சித்தப்பாவுக்கு எதற்கு போட்டோஷாப்?

"கம்ப்யூட்டர் வந்தாச்சு. நீ வரும்போது அந்த போட்டோஷாப்பையும் போட்டுக் குடுத்துட்டுப் போயிரு" என்றார் சித்தப்பா, பாளையங்கோட்டையிலிருந்து போனில். வாசலில் பல்பு மாட்டிவிட்டுப் போகச் சொல்வது போல. குடும்பத்தில் ஒருவனுக்குக் கணினி தெரியும் என்று பேர் வந்துவிட்டால் இப்படித்தான்.

"அதை வச்சு என்ன செய்யப் போறீங்க சித்தப்பா?" என்று கேட்டேன். பட்டியல் தயாராகவே இருந்தது. தம்பி வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறான், போட்டோவையும் கையெழுத்தையும் அவர்கள் கேட்கிற சைஸுக்குக் கொண்டுவர வேண்டும். சித்திக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கொஞ்சம் வேண்டும். பேத்தியின் காதுகுத்துக்கு வாட்ஸாப்பில் அனுப்ப ஓர் அழைப்பிதழ். கடைசியாக, தாத்தா ஆச்சியின் கல்யாணப் படம். பெட்டிக்குள் மடிந்து கிடந்ததில் நடுவில் ஒரு கோடு விழுந்துவிட்டது, அதைச் சரி செய்ய வேண்டும்.

நான்கே வேலைகள். நான்கும் வேறு வேறு மாதிரியானவை. யாராவது 'போட்டோ எடிட் பண்ண நல்ல சாஃப்ட்வேர் எது' என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, என்ன வேலை என்றுதான் திருப்பிக் கேட்பேன். அந்த வரிசையிலேயே இங்கும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு முன் போட்டோஷாப்பை ஒரு வழி செய்துவிடலாம். நகல் எடுப்பதற்கு ஜெராக்ஸ் என்று பெயர் வந்தது போல, படத்தில் கைவைப்பதற்கே போட்டோஷாப் என்று பெயராகிவிட்டது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி தொடங்கிய வேலை அது. 1990-ல் அடோபி முதல் பதிப்பை வெளியிட்டது. தொழில்முறை ஆட்களுக்கு இன்றும் அதுதான். ஆனால் 2013-லிருந்து புதிய பதிப்புகள் எல்லாம் சந்தாவுக்குத்தான், ஒரு தடவை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பேச்சே இல்லை. வருடத்துக்கு நான்கு படம் திருத்துகிறவர் மாதா மாதம் கேபிள் காசு மாதிரி இதற்கும் கட்டிக்கொண்டிருக்க முடியாது. அதே நிறுவனத்தின் எலிமென்ட்ஸ் என்ற சின்னப் பதிப்பு வீட்டுப் பயன்பாட்டுக்கானது. அமெரிக்காவில் 99.99 டாலர். அதுவும் 2025-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மூன்று வருட உரிமம் என்றாகிவிட்டது. மூன்று வருடம் கழித்துத் திரும்ப வாங்க வேண்டும்.

"காசெல்லாம் எதுக்கு? கடையில கேட்டா போட்டுத் தருவாங்களே" என்பது சித்தப்பாவின் அடுத்த கேள்வி. உண்மையைச் சொன்னால், நம் ஊரில் இலவச மென்பொருள்களுக்குப் போட்டி அடோபி அல்ல, பென் டிரைவில் வரும் இந்தத் திருட்டுப் பதிப்புதான். நியாய தர்மத்தை விடுங்கள், நடைமுறையை மட்டும் பார்ப்போம். அந்தப் பூட்டுடைப்பு நிரலை ஓட்டுவதற்கு முன் 'ஆன்ட்டிவைரஸை அணைத்துவிடு' என்று ஒரு வரி இருக்கும். வீட்டு நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைப்பதற்குச் சமம் அது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படிப் போட்ட கணினியில் இருந்த கோப்புகள் எல்லாம் ஒருநாள் பெயர் மாறிப் பூட்டிக்கொண்டன. பேத்தியின் முதல் வருடப் படங்கள் மொத்தமும் அதற்குள். அதே கணினியில்தான் வங்கிக் கணக்கையும் பார்க்கிறோம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் சைஸ் குறைப்பது. கேட்கச் சின்ன வேலை. ஆனால் நம் ஊர் பிரௌசிங் சென்டர்களில் பாதிக் கூட்டம் இதற்காகத்தான் நிற்கிறது.

வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ், போட்டோ 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபிக்குள் வேண்டும் என்கிறது. கையெழுத்து 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. போனில் எடுத்த படமோ 4000-க்கு 3000 பிக்சலில், மூன்று நான்கு எம்பிக்குக் குறையாமல் இருக்கும். இங்கே பலரும் குழப்பிக்கொள்வது பிக்சலையும் கேபியையும். பிக்சல் என்பது படத்தின் நீள அகலம். கேபி என்பது கோப்பின் எடை. நீள அகலத்தை முதலில் சரி செய்தால் எடை தானாகவே பெருமளவு இறங்கிவிடும். மிச்சத்தை ஜேபெக் (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வடிவம்) தரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டலாம். பிக்சலைத் தொடாமல் தரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போனால், முகம் கட்டம் கட்டமாக உடைந்த படம்தான் கிடைக்கும். சில சமயம் தலைகீழாகவும் நடக்கும். நீள அகலத்தைக் குறைத்ததும் 12 கேபி ஆகிவிடும், விண்ணப்பமோ 20-க்குக் கீழே ஏற்காது. அப்போது தரத்தை உயர்த்திச் சேமிக்க வேண்டும்.

இதற்குக் கூகுளில் தேடினால் 'இங்கே ஏற்றுங்கள், 50 கேபியாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வரிசையாகத் தளங்கள் வரும். வேலை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் நாம் அங்கே ஏற்றுவது என்னென்ன என்று யோசித்துப் பாருங்கள். முகம், கையெழுத்து, பல நேரம் ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ். யார் நடத்துகிறார்கள், ஏற்றிய கோப்பை என்ன செய்கிறார்கள் என்று தெரியாத இடத்தில், ஒருவரைப் போலவே இன்னொருவர் நடிக்கத் தேவையான அத்தனையையும் நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஐந்து நிமிடம் செலவழித்து ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுக்கொண்டால் இந்தச் சங்கடமே கிடையாது.

அந்தச் சின்ன மென்பொருளுக்கு இரண்டு பேர் போட்டி. ஒன்று இர்ஃபான்வியூ. போஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஸ்கிலியான் 1996-ல் வெளியிட்டது. இன்றைக்கும் சில எம்பிதான். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய பெட்டியில்கூட ஓடும். கன்ட்ரோலும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் அளவு மாற்றும் பெட்டி வரும். கூடுதல் செருகுநிரல் தொகுப்பையும் போட்டுக்கொண்டால், ஜேபெக்காகச் சேமிக்கும்போது 'கோப்பு இத்தனை கேபி இருக்க வேண்டும்' என்று எண்ணை அடித்தே கேட்கலாம். 48 என்று போட்டால் 48-ஐ ஒட்டி வந்து நிற்கும். நூறு படங்களை ஒரே மூச்சில் சிறிதாக்கவும் வழி உண்டு. பி எழுத்தை அழுத்தினால் போதும். முகப்பு அழகாக இருக்காது. பட்டன்களைப் பார்த்தால் 2000-ஆம் ஆண்டு தபால் ஆபீஸ் கணினி ஞாபகத்துக்கு வரும். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், இது வீட்டுப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம். பிரௌசிங் சென்டர் வைத்திருப்பவர் காசு கட்டித்தான் பயன்படுத்த வேண்டும்.

மற்றொன்று பெயின்ட் டாட் நெட். 2004-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. ரிக் பிரூஸ்டர் என்பவர் இன்றுவரை அதை வளர்த்துக்கொண்டு வருகிறார். அதன் தளத்திலிருந்து இறக்கினால் இலவசம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கினால் விலை உண்டு, ஆக்கியவருக்கு நன்கொடை கொடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரத்துக்கு ஒரு சறுக்குப்பட்டை வரும். அதை நகர்த்த நகர்த்தப் படம் எப்படி மாறுகிறது, கோப்பு எத்தனை கேபி ஆகிறது என்று அங்கேயே காட்டும். சித்தப்பா போன்றவருக்கு இதுதான் சுலபம். கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். விண்டோஸோடு வரும் சாதா பெயின்டில் நீள அகலத்தை மாற்றலாம், ஆனால் ஜேபெக் தரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கேபி கணக்குக் கேட்கும் விண்ணப்பங்களில் அது பாதி வழியில் கைவிட்டுவிடும்.

என் தீர்ப்பு: ஒரு படம் என்றால் பெயின்ட் டாட் நெட், மூட்டை மூட்டையாக என்றால் இர்ஃபான்வியூ.

அடுத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பெயர்தான் பாஸ்போர்ட். பெரியவர்கள் பாஸ்போர்ட் எடுக்கப் போனால் சேவா மையத்திலேயே உட்காரவைத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். இந்தப் போட்டோ பெரும்பாலும் ரேஷன் கார்டு, வங்கி, பள்ளிக்கூடம் என்று மற்ற எல்லாவற்றுக்கும்தான். வழக்கமான அளவு 35-க்கு 45 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் 413-க்கு 531 பிக்சல். நான்குக்கு ஆறு அங்குலத் தாள் 1200-க்கு 1800 பிக்சல். தாளைப் படுக்கையாகப் போட்டால் வரிசைக்கு நான்கு வீதம் இரண்டு வரிசை, ஆக எட்டு படம் உட்காரும். அந்த ஒரே கோப்பை கலர் லேபில் கொடுத்தால் சாதாரண நான்குக்கு ஆறு பிரிண்டுக்கான காசில் எட்டு போட்டோ கையில். கத்தரிக்கோல் நம்முடையது.

படத்தைக் கண்ணாடித் தாள்கள் போல அடுக்கடுக்காக வைத்து வேலை செய்யும் லேயர் வசதி உள்ள எதிலும் இதைச் செய்யலாம். ஒரு தடவை வெற்றுத் தாளைச் செய்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவை படத்தை மட்டும் மாற்றினால் போதும். பின்னணியை வெள்ளையாக்குவதுதான் முன்பெல்லாம் பெரிய பாடு. முடி ஓரத்தில் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். இப்போது விண்டோஸ் 11-இல் பெயின்டிலேயே ஒரு பட்டனில் பின்னணி போய்விடுகிறது. 1985-ல் விண்டோஸோடு பிறந்து, 2017-ல் 'இனி இதை வளர்க்கப் போவதில்லை' என்று மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி வைத்த அதே பெயின்ட், 2023-ல் லேயரும் பின்னணி நீக்கமும் பெற்று எழுந்து உட்கார்ந்திருக்கிறது. சுருட்டை முடி என்றால் மட்டும் ஓரத்தைக் கொஞ்சம் கையால் திருத்த வேண்டியிருக்கும். வெள்ளைச் சுவரின் முன் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி எடுத்துவிட்டால் அதுவும் வேண்டாம். அடையாள அட்டைக்குப் போகும் படத்தில் முகத்தை வெளுப்பாக்குவது, மருவை எடுப்பது எல்லாம் கூடாது என்று சித்தியிடம் சொன்னேன். சித்திக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்றாவது, அழைப்பிதழ். மென்பொருள்களின் சாயம் வெளுக்கும் இடம் இது. காரணம், தமிழ் எழுத்து.

கணினிக்குள் 'கொ' என்பது ஒரே எழுத்தல்ல. முதலில் ககரம், அதன் பின் ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் காட்டும்போது ஒற்றைக் கொம்பை முன்னால் இழுத்து, காலைப் பின்னால் போட்டு, நடுவில் ககரத்தை வைக்க வேண்டும். இந்த அடுக்கும் வேலையை மென்பொருள் செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'கொண்டாட்டம்' என்று அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். எந்தப் புது மென்பொருளையும் நான் முதலில் சோதிப்பது இப்படித்தான். 'கொண்டாட்டம்', 'கௌரி', 'ஸ்ரீ' மூன்றும் ஒழுங்காக வந்தால் மேலே போவேன், இல்லாவிட்டால் மூடிவிடுவேன்.

போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலேயே இதற்கென்று அமைப்பில் எழுத்து தொடர்பான பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்க வேண்டியிருந்தது. அது தெரியாமல்தான் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடாமல் வைத்திருக்கிறார்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஏற்பாடு. எங்கும் உடையாது என்பது அதன் பலம். ஆனால் அந்த வாசகத்தை எடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். ஃபிளெக்ஸ் அடிப்பவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். வீட்டில் இருப்பவருக்கு, எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீடான யூனிகோடுதான் நல்லது.

கிம்ப் என்ற இலவச மென்பொருள் இதில் தேறிவிடுகிறது. யூனிகோடு தமிழை ஒழுங்காக அடுக்கிக் காட்டும், அடித்த வாசகத்தைப் பிறகு திரும்பப் போய்த் திருத்தவும் விடும். பெயின்ட் டாட் நெட்டிடம் எனக்கு இருக்கும் பெரிய குறை இங்கேதான். அடித்து முடித்து வெளியே சொடுக்கியதும் எழுத்து படத்தோடு படமாக ஒட்டிக்கொண்டுவிடும். அப்புறம் முகூர்த்த நேரம் மாறினால் அழித்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு வரியையும் தனி லேயரில் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அழைப்பிதழ் என்றாலே நான்கு பெரியவர்கள் நாற்பது திருத்தம் சொல்வார்கள்.

கேன்வா வேறு மாதிரி. 2013-லிருந்து இருக்கும் ஆஸ்திரேலியத் தளம். படத்தைத் திருத்துவதைவிட அட்டை, போஸ்டர் செய்வதற்கென்றே கட்டப்பட்டது. வாசகத்தை மாற்றினால் அழைப்பிதழ் தயார். கணக்குத் தொடங்க வேண்டும், இணையம் வேண்டும், கிரீடம் குத்திய வடிவங்களைத் தொட்டால் காசு கேட்கும். இந்த மூன்றும் பரவாயில்லை என்றால், காதுகுத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. மயிலும் குத்துவிளக்கும் நாமே வரைய வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

எழுத்துருவுக்காக யாரும் காசு செலவழிக்கத் தேவையில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் மீரா இனிமை, கவிவாணர், பவனம், ஹிந்த் மதுரை, முக்த மலர், கேட்டமரன், பலூ தம்பி என்று தமிழ் யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர் தெரியாத தளங்களில் '1000 தமிழ் எழுத்துரு' மூட்டைகளை இறக்குவதைவிட இந்த ஏழும் மேல். அழைப்பிதழின் தலைப்புக்கு பலூ தம்பி, உள்ளே வாசகத்துக்கு முக்த மலர் என்று வைத்தேன். சித்தப்பாவுக்கு பலூ தம்பி ரொம்பக் 'குண்டாக' இருப்பதாக அபிப்பிராயம்.

கடைசியாகக் கல்யாணப் படம். எனக்குப் பிடித்த வேலையும் இதுதான், நேரம் தின்னும் வேலையும் இதுதான். இங்கே கிம்ப் நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

கிம்ப் 1995-ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை இலவசம் மட்டுமல்ல, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. 2018-ல் 2.10, அதன்பின் ஏழு வருடக் காத்திருப்புக்குப் பிறகு 2025 மார்ச்சில் 3.0. இப்போது விளைவுகளைப் போட்ட பிறகும் திரும்பப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய முன்னேற்றம். குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு வட்டம் வரைய நினைத்தால், வட்டமாகத் தேர்வு செய்து, அப்புறம் அந்தத் தேர்வின் விளிம்புக்குக் கோடு போடச் சொல்ல வேண்டும். முதல் நாளே இதைச் சந்தித்தவர்கள் பலர் அன்றோடு கிம்பை விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மெனுக்களில் எது எங்கே இருக்கிறது என்று பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். வாரம் ஒரு தடவையாவது படத்தில் கைவைப்பவர் மட்டும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளலாம்.

படத்தைத் திருத்துவதற்கு முன் ஸ்கேன். போனில் படத்தைப் படம் எடுத்தால் மேலே லைட் பளபளக்கும், ஓரம் வளையும். ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படம் 2400-க்கு 3600 பிக்சலாக வரும், நுணுக்கமாகத் திருத்தவும் பெரிதாக அச்சடிக்கவும் தாராளம். பிஎன்ஜியாகவோ டிஃப்பாகவோ சேமிப்பது முக்கியம். ஜேபெக் ஒவ்வொரு தடவை திறந்து மூடிச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தகவலை உதிர்த்துக்கொண்டே போகும். நாலு நாள் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அது ஆகாது.

கிம்பில் திறந்ததும் முதல் வேலை, லேயரை நகலெடுத்து மேலே வைத்துக்கொள்வது. அசல் அடியில் பத்திரமாக இருக்கும். பிறகு ஹீலிங் கருவி. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு நல்ல இடத்தில் ஒரு சொடுக்கு, பிறகு கீறல் மேல் தடவல். பக்கத்து நிறத்தோடு கலந்து மறைந்துவிடும். சேலையின் கரையும் பின்னால் தொங்கும் திரைச்சீலையும் சந்திக்கிற மாதிரியான கூர்மையான விளிம்புகளில் ஹீலிங் சேறாக்கிவிடும், அங்கே ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் கருவி. மடிப்புக் கோடு ஆச்சியின் மாலை வழியாகப் போயிருந்தது. மாலையில் ஒவ்வொரு பூவாகக் கடன் வாங்கி அடைத்தேன். வண்ணப் படம் மஞ்சள் பூத்துப்போயிருந்தால் நிறங்கள் மெனுவில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை ஒரு தடவை முயன்று பார்க்கலாம். பாதிப் படங்களுக்கு அதிலேயே உயிர் வந்துவிடும்.

"ஏஐ-ல போட்டா ஒரு நிமிஷம்தானே" என்று தம்பி ஒரு செயலியில் போட்டுக் காட்டினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோடு போயிருந்தது, படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் ஆச்சிக்குப் பக்கத்தில் நின்ற பூட்டியின் காதைப் பார்த்தால், தோள் வரை தொங்கிய பாம்படத்தைக் காணோம். காதை ஒழுங்காகச் சுருக்கி ஒரு சின்னக் கம்மலை மாட்டிவிட்டிருந்தது. முகமும் யாரோ. வளர்ந்த காதை அது பிழை என்று நினைத்திருக்கிறது. கீறலை எடுப்பதற்கும் ஆளை மாற்றுவதற்கும் வித்தியாசம் தெரியாத கருவியிடம் இந்தப் படங்களைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கிம்பைக் கற்றுக்கொள்ளப் பொறுமை இல்லாதவருக்கு ஃபோட்டோபீ. பெயரைத் தமிழில் எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது. இவான் குட்ஸ்கிர் என்ற ஒரே ஆள் 2013-ல் தொடங்கியது. பிரௌசரில் திறந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். போட்டோஷாப்பை அச்சாக உரித்து வைத்த முகப்பு. கடைக்காரர் கொடுத்த பிஎஸ்டி கோப்பு, அதாவது போட்டோஷாப்பின் சொந்த வடிவக் கோப்பு, லேயர்களோடு அப்படியே திறக்கும். பக்கத்தில் விளம்பரம் ஓடும், அது பிடிக்காவிட்டால் காசு கட்டலாம். நான் மேலே திட்டிய தளங்களுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு, படம் வெளியே போவதில்லை. எல்லா வேலையும் நம் கணினிக்குள்ளேயே, பிரௌசரின் வழியாக நடக்கிறது. பக்கம் ஏறிய பிறகு நெட் போய்விட்டாலும் வேலை செய்துகொண்டிருக்கலாம். சேமிக்காமல் டேபை மூடினால் மட்டும் போச்சு. வருடத்துக்கு நான்கு தடவை லேயர் வேலை பார்ப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அஃபினிட்டியையும் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனம் இதன் படம் திருத்தும் மென்பொருளை 2015-ல் கொண்டுவந்தது. சந்தா இல்லை, ஒரே தடவை விலை என்பதால் பேர் வாங்கியது. 2024-ல் கேன்வா அந்த நிறுவனத்தை வாங்கியது. 2025 அக்டோபரில் படம், வரைகலை, பக்க வடிவமைப்பு மூன்றையும் ஒரே மென்பொருளாக்கி இலவசமாக விட்டுவிட்டது. கேன்வா கணக்கு ஒன்று வேண்டும், ஏஐ வசதிகளுக்கு மட்டும் காசு. போட்டோஷாப்புக்கு மிக அருகில் வருவது இதுதான், கிம்பைவிட நாகரிகமாகவும் இருக்கும். ஆனால் அதன் முதல் இரண்டு பதிப்புகளில் நம் எழுத்துகள் அடுக்கி வரவில்லை. அதனால் அழைப்பிதழில் இறங்குவதற்கு முன் 'கொண்டாட்டம்' சோதனை கட்டாயம். படத்தை மட்டும் திருத்துபவருக்கு அந்தக் கவலை இல்லை.

கிரிட்டாவைச் சிலர் சொல்வார்கள். அது ஓவியம் வரைபவர்களுக்கானது, விட்டுவிடலாம். டார்க்டேபிள், கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்புகளுக்கு. சித்தப்பாவிடம் அப்படிப்பட்ட கேமராவே இல்லை. போனிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பவருக்கு ஸ்னாப்சீட். 2012-லிருந்து கூகுள் கையில் இருக்கிறது, விளம்பரமும் இல்லை, காசும் இல்லை. வெளிச்சம், நிறம், சின்னப் புள்ளிகளை எடுப்பது இவற்றுக்கு அது போதும்.

கணினியின் வயதையும் பார்க்க வேண்டும். சித்தப்பாவுடையது புதுசு என்பதால் பிரச்சினை இல்லை. வீட்டில் அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி ஒன்று கிடந்து, அதில் விண்டோஸ் 7 இருந்தால் கதை வேறு. பெயின்ட் டாட் நெட்டின் இப்போதைய பதிப்புக்கு 64 பிட் விண்டோஸ் 10-ஆவது வேண்டும். கிம்ப் 3.0-வும் விண்டோஸ் 10-இலிருந்துதான். அந்த மாதிரிப் பெட்டிக்கு கிம்ப் 2.10-உம் இர்ஃபான்வியூவும் பொருந்தும். ஃபோட்டோபீ அதில் மூச்சு வாங்கும், அஃபினிட்டியின் இப்போதைய பதிப்பு அதில் ஏறவே ஏறாது.

ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா கணினியில் பெயின்ட் டாட் நெட், கிம்ப் இரண்டையும் போட்டேன், பிரௌசரில் ஃபோட்டோபீயையும் கேன்வாவையும் புக்மார்க் செய்தேன். செலவு ஒன்றுமில்லை, அரை மணி நேரம். தம்பியின் போட்டோ 43 கேபியில் ஏறியது. அழைப்பிதழ் பதினோராவது திருத்தத்தில் நின்றது. கல்யாணப் படத்தில் பாதியை நான் செய்து கொடுத்து, மீதியைச் சித்தப்பாவையே செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பொறுமைக்குக் குறைவில்லை.

பத்து நாள் கழித்து இரவு ஒன்பது மணிக்குப் போன். "ஏல, படம் முடிஞ்சிட்டு. சென்னையில உங்க அத்தைக்கு அனுப்பினேன், திறக்கவே மாட்டேங்குதுங்கா." என்ன அனுப்பினார் என்று கேட்டேன். கிம்பில் 'சேமி' என்று கொடுத்தால் லேயர்களோடு எக்ஸ்சிஎஃப் என்ற தன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். பிறருக்கு அனுப்ப வேண்டுமென்றால் 'ஏற்றுமதி' என்று கொடுத்து ஜேபெக் ஆக்க வேண்டும். 2012-ல் வந்த 2.8-லிருந்தே இப்படித்தான், புதிதாக வருகிற எல்லோரும் தடுக்கி விழும் படி இது. சொன்னேன். மறுமுனையில் மவுஸ் சத்தம் கேட்டது. "எக்ஸ்போர்ட்டு... ஆமா, இருக்கு. தரம் எவ்வளவுன்னு கேக்குது. எத்தனை போடட்டும்?"

"90 போடுங்க சித்தப்பா."